புல்வெட்டி இன்ஜின் அடங்காமல் அலறினால் கார்புரேட்டரை விடுங்கள், கவர்னரைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: தள்ளிக்கொண்டு போகும் சின்ன பெட்ரோல் புல்வெட்டி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் கயிற்றை இழுத்தவுடன் இன்ஜின் முழு வேகத்துக்குப் போய் அலறுகிறது. த்ராட்டில் லிவரை மெதுவான நிலையில் வைத்தாலும் குறைவதில்லை. கார்புரேட்டரை இரண்டாவது தடவையும் பிரித்துக் கழுவியாகிவிட்டது, பலன் இல்லை. புது கார்புரேட்டர் வாங்கலாமா?

வேண்டாம். வாங்கி மாட்டினாலும் அதே அலறல்தான் கேட்கும், ஏறக்குறைய நிச்சயமாக. இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கார்புரேட்டர் அல்ல, கவர்னர். கார்புரேட்டருக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு, கவர்னரின் கையில் இருக்கும் ஒரு கதவு மட்டும்தான். கதவைச் சாத்த வேண்டிய கை அறுந்து கிடக்கும்போது கதவை எத்தனை முறை துடைத்தாலும் என்ன ஆகப்போகிறது?

எதையும் தொடும் முன் ஒரு விஷயம். கோளாறு தீரும் வரை அந்த இன்ஜினை "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்று ஓட்டிப் பார்க்காதீர்கள். இந்த வகை புல்வெட்டி இன்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2900 முதல் 3600 சுற்றுக்குள் ஓடும்படி கட்டப்பட்டவை. கவர்னர் இல்லாமல் விட்டால் 4500-ஐத் தாண்டுவது பெரிய காரியமே இல்லை. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் பிஸ்டனும், அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இந்த இன்ஜின்கள் பலவற்றில் ராடு அலுமினியம். தனி பேரிங் கூட இருக்காது, கிராங்க் பின்னின் மேல் நேரடியாகவே சுழலும். அது உடைந்தால் இன்ஜினின் வெளிக்கூட்டை, அதாவது கிராங்க் கேஸை, பொத்துக்கொண்டு வெளியே வரும்.

பிளேடின் கதை இன்னும் மோசம். 53 செ.மீ. நீளமுள்ள பிளேடு 3000 சுற்றில் ஓடும்போதே அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 4500-இல் அது 450. புல்வெட்டிப் பாதுகாப்புத் தரங்கள் நுனி வேகத்துக்கு வைத்திருக்கும் வரம்பு நொடிக்கு சுமார் 96 மீட்டர், அதாவது மணிக்கு 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அந்த வரம்புக்கு மேல் ஓடும் பிளேடில் ஒரு கல் பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, அலறும்போது நிறுத்துவது எப்படி? கைப்பிடியில் பிடித்துக்கொண்டே ஓட்டும் பட்டை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது கிராங்க் தண்டின் நுனியில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைப் பிரேக் போட்டுப் பிடிக்கும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் இன்ஜின் உடம்போடு இணைத்துத் தீப்பொறியை நிறுத்தும். அந்த கேபிளும் தளர்ந்து வேலை செய்யவில்லை என்றால் சோக்கை, அதாவது கார்புரேட்டருக்குக் காற்று நுழையும் வாயை அடைக்கும் தகட்டை, முழுவதும் மூடுங்கள். சோக் இல்லாத மாடலில் காற்று நுழையும் வாயை ஒரு தட்டையான மரப்பலகையால் அடைக்கலாம். கையை வைக்காதீர்கள், துணியும் வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் குழாயை மூடுவதும் வழிதான், ஆனால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது தீரும் வரை ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடித்து இழுப்பது பழைய மெக்கானிக்குகள் செய்யும் வேலை, நீங்கள் செய்யாதீர்கள்.

இப்போது கவர்னர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது மனதில் ஏறிவிட்டால் மீதிப் பாதி வேலையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

த்ராட்டில் தகட்டை இரண்டு பேர் கயிறு இழுப்பது போல இரு பக்கமும் இழுக்கிறார்கள். ஒரு பக்கம் ஸ்பிரிங். அது எப்போதும் தகட்டைத் திறக்கவே பார்க்கும். மறுபக்கம் கவர்னர், அது எப்போதும் மூடவே பார்க்கும். வேகம் கூடக் கூட கவர்னரின் இழுப்பு கூடும். இரண்டு இழுப்பும் எந்த வேகத்தில் சமமாகிறதோ அந்த வேகத்தில் இன்ஜின் நிற்கும். அடர்ந்த புல்லுக்குள் போகிறீர்கள், வேகம் கொஞ்சம் இறங்குகிறது, கவர்னர் தளர்கிறது, ஸ்பிரிங் தகட்டைத் திறக்கிறது, இன்ஜின் சமாளித்துக்கொள்கிறது. நீங்கள் லிவரைத் தொடவே வேண்டியதில்லை.

கைப்பிடியில் இருக்கும் லிவரைப் பற்றிப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஆக்ஸிலேட்டர் போல அது நேரே தகட்டைத் திறக்கிறது என்று நினைப்பு. அப்படி இல்லை. வேகமான நிலைக்குத் தள்ளும்போது லிவர் ஸ்பிரிங்கை இறுக்குகிறது, அவ்வளவுதான். "இவ்வளவு வேகம் வேண்டும்" என்று சொல்வது லிவர். அதை நடத்திக்காட்டுவது கவர்னர். கவர்னர் பக்கம் அறுந்துபோனால் எதிர்த்து இழுக்க ஆளே இல்லை, ஸ்பிரிங் தகட்டை முழுவதும் திறந்து வைத்துவிடும். நீங்கள் சொல்லும் அலறல் இதுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது, லிவர் வேகமான நிலையில் இருந்தால், த்ராட்டில் தகடு முழுவதும் திறந்தே இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு "ஐயோ, திறந்தே கிடக்கிறதே, இதுதான் கோளாறு" என்று ஸ்பிரிங்கைக் கழற்றுபவர்கள் உண்டு. அது சரியான நிலை. ஸ்பிரிங் அறுந்தாலோ தொய்ந்தாலோ இன்ஜின் மந்தமாகும், அலறாது.

எந்த வகைக் கவர்னர் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சின்ன இன்ஜின்களில் இரண்டு வகை. ஒன்று காற்றுவீச்சில் இயங்குவது: ஃப்ளைவீலின் துடுப்புகள் வீசும் காற்று, மேல் மூடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அல்லது தகரத் தகட்டைத் தள்ளும், அந்தத் தகட்டிலிருந்து ஒரு லிங்க் கம்பி கார்புரேட்டருக்குப் போகும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் பழைய சிறிய புல்வெட்டி இன்ஜின்கள் பலவற்றில் இதுதான். இன்னொன்று எடைகளில் இயங்குவது: ஆயிலுக்குள் ஒரு சிறிய பற்சக்கரம், அதன்மேல் இரண்டு எடைகள், சுழலும்போது அவை விரிந்து ஒரு கிண்ணத்தைத் தள்ளும், கிண்ணம் ஒரு ஷாஃப்டைத் திருப்பும். அந்த ஷாஃப்ட் இன்ஜின் உடம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு நீளமான கை கவ்வப்பட்டிருக்கும். கையிலிருந்து லிங்க் கம்பி கார்புரேட்டருக்கு. ஹோண்டாவின் புல்வெட்டி இன்ஜின்கள் இந்த வகை. ஆக, கார்புரேட்டரிலிருந்து வரும் கம்பியை விரலால் தொடர்ந்து போங்கள். மூடிக்கு அடியில் மறைந்தால் காற்று வகை. இன்ஜின் பக்கவாட்டில் ஒரு கையில் போய் முடிந்தால் எடை வகை.

(ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இன்ஜினில் மாட்டிய சுழலும் குண்டுகள் கவர்னரும் இதே தத்துவம்தான். இரண்டு நூற்றாண்டு தாண்டியும் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் அது புல்வெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.)

வேலையைத் தொடங்கலாம். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, தானாகத் திரும்பிப் பிளக்கைத் தொடாதபடி தள்ளிக் கட்டுங்கள். சாய்க்க வேண்டியிருந்தால் ஏர் ஃபில்டர் மேல் பக்கம் இருக்கும்படி சாய்த்துவையுங்கள். மாற்றிச் சாய்த்தால் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி அது வேறு தலைவலி. முதல் சோதனைகள் எல்லாமே இன்ஜின் நின்றிருக்கும்போது செய்பவை.

லிவரை வேகமான நிலையில் வையுங்கள். தகடு திறந்திருக்கிறதா? நல்லது. இப்போது கவர்னர் கையை, அல்லது காற்றுத் தகட்டின் லிங்க் கம்பியை, மூடும் திசையில் விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். கார்புரேட்டரில் தகட்டின் லிவர், அது மூடும் எல்லையைக் குறிக்கும் ஐடில் ஸ்க்ரூவில் போய் முட்டும் வரை தடையில்லாமல் போக வேண்டும். விட்டால் ஸ்பிரிங் அதைச் சட்டென்று திரும்ப இழுக்க வேண்டும். இந்த ஒரு சோதனையே பெரும்பாலான அலறல்களைக் காட்டிக்கொடுத்துவிடும். கை அசைகிறது, தகடு அசையவில்லை என்றால் லிங்க் கழன்றிருக்கிறது அல்லது தவறான ஓட்டையில் இருக்கிறது. இரண்டும் அசைகின்றன, ஆனால் நடுவில் சிக்குகிறது என்றால் எங்கோ உரசுகிறது. இரண்டும் எண்ணெய் போட்டதுபோல் போய் வருகின்றன என்றால் கோளாறு கைக்கு அப்பால், ஷாஃப்டிலோ இன்ஜினுக்கு உள்ளேயோ இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இது வந்திருக்கிறது. அதனால் முதல் சந்தேகம் லிங்க் கம்பியும் ஸ்பிரிங்கும் மாட்டிய இடத்தின் மேல்தான். கார்புரேட்டர் த்ராட்டில் லிவரிலும் கவர்னர் கையிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும், பார்க்க எல்லாம் ஒன்றுபோல. கம்பி போக வேண்டிய ஓட்டையில் ஸ்பிரிங்கும், ஸ்பிரிங் போக வேண்டியதில் கம்பியும் மாட்டியிருந்தால் இன்ஜின் ஓடும், ஆனால் கவர்னரின் இழுப்பு தகட்டுக்குச் சரியாகப் போகாது. கவர்னர் கையில் ஸ்பிரிங்கை அச்சிலிருந்து தள்ளியுள்ள ஓட்டையில் மாட்டினால் அதற்கு நெம்புகோல் பலம் கூடி வேகம் ஏறும். அச்சுக்குப் பக்கத்து ஓட்டையில் மாட்டினால் வேகம் குறையும், ஆனால் இன்ஜின் ஏறி இறங்கித் தள்ளாடத் தொடங்கலாம். எனவே ஓட்டையை ஊகிக்காதீர்கள். அந்த மாடலின் கையேட்டில் படம் இருக்கும். பழைய ஓட்டையைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, உற்றுப் பார்ப்பது: வருஷக்கணக்காகக் கம்பி ஆடிய ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்து பளபளப்பாக இருக்கும், மாட்டாத ஓட்டை துருவும் தூசியுமாக வட்டமாகவே இருக்கும்.

லிங்க் கம்பியைச் சுற்றி முடிபோல மெல்லிய ஒரு சுருள் ஸ்பிரிங் சில மாடல்களில் உண்டு. கழற்றும்போது தெறித்து விழுந்தாலும் பலர் கவனிப்பதில்லை. அது மூட்டுகளில் இருக்கும் ஆட்டத்தை எடுப்பதற்கானது. அது இல்லாவிட்டால் பொதுவாக இன்ஜின் அலறாது, தள்ளாடும். இருந்தாலும் வேலை செய்த மேசைக்கு அடியில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

கம்பி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கார்புரேட்டரை லிங்கோடு சேர்த்துப் பிடித்து இழுத்தால் கம்பியின் முனை வளைவு நிமிர்ந்துவிடும், அல்லது நடுவில் வளைந்து நீளம் குறையும். நீளம் சில மில்லிமீட்டர் மாறினாலே தகடு முழுவதும் மூடாமல் போகலாம். கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் மெல்லிய அடைப்பு) நழுவி லிவரில் உரசுவது, ஏர் ஃபில்டருக்கு நீளம் கூடிய போல்டைப் போட்டு அது த்ராட்டில் லிவரைத் தடுப்பது, மூடியை மாட்டும்போது கேபிள் கம்பிக்குக் குறுக்கே விழுவது, இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் நடப்பவை.

தகட்டின் அச்சு சிக்கினால் பெரும்பாலும் பழைய பெட்ரோலின் பிசின்தான் காரணம். கார்புரேட்டர் கிளீனரை அச்சு நுழையும் இரு பக்கமும் அடித்து, அசைத்து அசைத்து விடுங்கள். அடர்த்தியான ஆயிலோ கிரீஸோ போடாதீர்கள்; தூசியைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிக்கும். சுத்தம் செய்யும்போது தகட்டையே கழற்றியிருந்தால், அதன் ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும் என்பதைக் கவனியுங்கள். தலைகீழாக மாட்டினால் துளையைச் சரியாக அடைக்காது, பாதியில் சிக்கிக்கொள்ளவும் கூடும். மாட்டிய அப்புறம் முழுவதும் மூடி, கார்புரேட்டர் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய ஒரே சீரான கீற்று தெரிந்தால் சரி. தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் கட்டாயம் இறுக்குங்கள். அது கழன்றால் நேரே சிலிண்டருக்குள் போகும்.

காற்று வகைக் கவர்னர் என்றால் மேல் மூடியைக் கழற்றிப் பார்ப்பது தவிர்க்க முடியாது. காய்ந்த புல், எலி கட்டிய கூடு, உடைந்த பிளாஸ்டிக் என்று எது வேண்டுமானாலும் அந்தத் தகட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். தகட்டின் இறக்கை உடைந்து பாதி மட்டும் இருந்தால் அதற்கு வேண்டிய காற்று கிடைக்காது. ஃப்ளைவீல் துடுப்புகள் சில முறிந்திருந்தாலும் இதே கதை. இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு வினோதம் உண்டு: "நன்றாகத் தெரியட்டுமே" என்று மூடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்வார்கள். காற்றைத் திருப்பித் தகட்டின் மேல் வீச வைப்பதே அந்த மூடிதான். மூடி இல்லையென்றால் கவர்னர் இல்லை. கோளாறே இல்லாத இன்ஜினும் அலறும். மூடியை மாட்டாமல் இந்த வகை இன்ஜினை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

எடை வகை என்றால் அடுத்த சந்தேகம், கவர்னர் கை ஷாஃப்டின் மேல் நழுவியிருப்பது. கையின் அடியில் ஒரு கவ்வியும் நட்டும் இருக்கும். கார்புரேட்டரை மாட்ட இடம் போதவில்லை என்று யாராவது அந்த நட்டைத் தளர்த்தியிருந்தாலோ, கையைப் பிடித்துப் பலமாகத் திருப்பியிருந்தாலோ, ஷாஃப்டுக்கும் கைக்கும் உள்ள கோணம் மாறிவிடும். உள்ளே எடைகள் விரிந்து ஷாஃப்டைத் திருப்பினாலும் கை போதுமான தூரம் நகராது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக மாட்டியதுபோலவே இருக்கும். இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அதிகம் சந்தேகிப்பேன், லிங்க் சரியாக இருக்கும் பட்சத்தில்.

இதைச் சரிசெய்யும் முறை பெரும்பாலான தயாரிப்புகளுக்கு ஒன்றுதான். கவ்வி நட்டை ஷாஃப்ட் கையிலிருந்து தனியாகச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். லிவரை வேகமான நிலைக்குக் கொண்டுபோய், த்ராட்டில் தகடு முழுவதும் திறந்திருக்கும்படி கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தகடு திறப்பதற்காகக் கை எந்தப் பக்கம் திரும்பியதோ, அதே பக்கம் ஷாஃப்டின் நுனியை இடுக்கியாலோ ஸ்பேனராலோ மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே முட்டி நிற்கும். அந்த இடத்தில் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். அவ்வளவுதான். இதன் பொருள்: இன்ஜின் நின்றிருக்கும்போது தகடு முழுத் திறப்பில், உள்ளே எடைகள் முழுவதும் ஒடுங்கிய நிலையில். அங்கிருந்து எடைகள் சற்று விரிந்தாலும் அது உடனே தகட்டில் தெரியும். எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கினால் அலறல் இன்னும் மோசமாகும், எனவே திசையை இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஷாஃப்டின் முனையிலும் கையிலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். பின்னால் நழுவினால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஷாஃப்டைத் திருப்பும்போது அது எப்படி உணர்கிறது என்பதில்தான் அடுத்த தகவல் இருக்கிறது. நல்ல கவர்னரில் ஷாஃப்ட் கொஞ்ச தூரம் திரும்பி ஒரு பக்கம் திட்டவட்டமாக முட்டும். எங்கேயும் முட்டாமல் சுற்றிக்கொண்டே போனால், அல்லது ஆடிக்கொண்டு எதிலும் படாதது போலிருந்தால், உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. கவர்னர் பற்சக்கரம் பல இன்ஜின்களில் பிளாஸ்டிக். ஆயில் குறைந்து ஓடியதாலோ வயதாலோ அதன் பற்கள் தேயும், எடைகளின் காதுகள் உடையும். கிண்ணம் பற்சக்கரத்தின் தண்டிலிருந்து கழன்று ஆயிலுக்குள் விழுவதும் உண்டு. இதற்கு ஆயிலை வடித்து, பிளேடைக் கழற்றி, அடி மூடியைத் திறக்க வேண்டும். உதிரிபாகம் விலை அதிகமில்லை, ஆனால் வேலை அதிகம். புது கேஸ்கெட்டும் வேண்டும். வடித்த ஆயிலைச் சுத்தமான துணியில் ஊற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தால் உங்கள் விடை கிடைத்துவிட்டது. மினுமினுக்கும் அலுமினியத் தூள் இருந்தால் அலறியதில் ராடும் பாதிக்கப்பட்டிருக்கிறது. அப்போது கவர்னருக்குச் செலவு செய்யும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கேபிளை மறக்கவில்லை. லிவரை மெதுவான நிலைக்குத் தள்ளும்போது இன்ஜின் பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுத் தகடு உண்மையாகவே நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் உறையைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் லிவர் மட்டும் ஆடும், ஸ்பிரிங் இறுகியே இருக்கும். ஆனால் இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது: கேபிள் மட்டும் கோளாறு என்றால் இன்ஜின் அதன் வழக்கமான உச்ச வேகத்தில்தான் ஓடும், அதற்கு மேல் போகாது, கவர்னர் பிடித்துக்கொள்ளும். "குறையவில்லை" என்பதும் "அலறுகிறது" என்பதும் வேறு வேறு. புதிய மாடல்கள் பலவற்றில் வேக லிவரே கிடையாது, எப்போதும் ஒரே வேகம்தான். பழைய இயந்திரத்தின் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது அலறலாகக் கேட்கலாம்.

அதனால் அளந்து பார்ப்பது நல்லது. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி வைக்கும் சின்ன டேக்கோமீட்டர் போதும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறிதான் தேவை. ஆனால் இந்தச் சின்ன இன்ஜின்களில் காந்தம் ஃப்ளைவீலில் இருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பொறி வரும், ஒன்று விட்டு ஒன்று வீணாகப் போகும். மீட்டரை "இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி" என்று வைத்தால் 3100-இல் ஒழுங்காக ஓடும் இன்ஜினுக்கு 6200 என்று காட்டிப் பயமுறுத்தும். "ஒரு சுற்றுக்கு ஒரு பொறி" என்று வையுங்கள்.

காற்றுக் கசிவைப் பற்றிப் பலரும் சொல்வார்கள்: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலான கேஸ்கெட் கிழிந்தாலோ, ஓ-ரிங் விடுபட்டாலோ, தகட்டைத் தாண்டிக் காற்று உள்ளே நுழையும், கவர்னர் தகட்டை மூடினாலும் வேகம் குறையாது என்று. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு முக்கியம். அந்தக் காற்றோடு பெட்ரோல் வருவதில்லை. அதனால் கலவை மெலிந்து, மெதுவான நிலையில் வேகம் இறங்க மறுக்கும் அல்லது ஏறி இறங்கி ஏறி இறங்கித் தள்ளாடும். விடாமல் ஒரே உச்சத்தில் அலறுவது கசிவின் குணம் அல்ல. சந்தேகம் தீர, இன்ஜின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு, ஓடும்போது அந்த இணைப்பின் மேல் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு. இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு. பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கிறது, வேண்டாம்.

ஏறி இறங்கும் தள்ளாட்டத்தை அலறலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தள்ளாடும் இன்ஜினில் கவர்னர் உயிரோடு இருக்கிறது. வேகம் கூடியதும் மூடுகிறது, இறங்கியதும் திறக்கிறது, ஆனால் அதற்குச் சரியான கலவை கிடைக்கவில்லை. அங்கே கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட் அடைபட்டிருக்கிறதா என்று சந்தேகிப்பது நியாயம், கார்புரேட்டர் கழுவுவதும் நியாயம். ஒரு கவர்னர் எப்போது நிலைப்படும், எப்போது இப்படி ஊசலாடும் என்பதை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-லேயே கணக்குப் போட்டு எழுதிவைத்தார். புல்வெட்டி கெட்டால் அவரைத் தேட வேண்டியதில்லை, ஜெட்டைக் குத்திவிட்டால் போதும்.

எல்லாம் சரிசெய்து ஸ்டார்ட் செய்யும் நேரத்தில், கயிற்றை இழுக்க ஒருவர், சோக்கின் அருகில் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் நல்லது. தனியாக என்றால் பட்டையை விடத் தயாராக இருங்கள். லிவரை மெதுவான நிலையில் வைத்து இழுங்கள். பிடித்தவுடன் ஒரு நொடி வேகம் எகிறி அப்புறம் அடங்கினால் அது இயல்பு. எடைகள் விரிய அந்த நேரம் வேண்டும். அடங்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பிளேடைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். ஃப்ளைவீல் எடை குறைந்த மாடல்களில் பிளேடின் எடையும் சேர்ந்துதான் ஃப்ளைவீலாக வேலை செய்கிறது. அது இல்லாமல் இழுத்தால் கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போகும், ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சாவி முறியவும் கூடும். பிளேடு மாட்டி, போல்ட் இறுக்கி, தட்டையான வெறும் தரையில் சோதியுங்கள்.

உச்ச வேகத்தைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். லிவரை வேகமான நிலைக்குத் தள்ளி மீட்டரைப் பாருங்கள். கையேட்டில் சொன்ன எண்ணுக்கு மேல் இருந்தால் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் காதை, அல்லது அதற்கென இருக்கும் ஸ்க்ரூவை, சிறிது சிறிதாக மாற்றிக் கீழே கொண்டுவாருங்கள். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டியோ கண்ணிகளை வெட்டியோ வேகத்தைப் பிடிக்க முயலாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் இறுக்கமாகி வேகம் இன்னும் ஏறும். அந்த மாடலுக்கான ஸ்பிரிங்கை அதன் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், கையில் கிடைத்த ஒத்த நீளத்து ஸ்பிரிங் போதாது. வேகம் சரியாக வந்ததும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கீழிருந்து தட்டும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் ராடு அடிவாங்கிவிட்டது, அந்த இன்ஜினைத் திறந்து பார்க்காமல் புல்லுக்குள் இறக்காதீர்கள்.